நாற்பதாயிரம் கோடி நட்சத்திரங்கள், ஒரே மாதிரிப் பயணம்

எலீட் டேஞ்சரஸ் கேமில் பால்வீதியின் மையத்துக்குப் போக நினைத்தால், நம் சூரியனிலிருந்து ஏறக்குறைய 25,900 ஒளியாண்டுகள் பறக்க வேண்டும். பல மாலைகளை விழுங்கும் பயணம் அது. அங்கே இருப்பது சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்: சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறை கொண்ட கருந்துளை. பின்னணி நட்சத்திரங்களின் ஒளி அதைச் சுற்றி வளைந்து நெளிவதை அருமையாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கருந்துளை நம் கப்பலை இழுப்பதில்லை, பிய்ப்பதுமில்லை. ரொம்பக் கிட்டே போனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி கப்பலை அதிவேகத்திலிருந்து இறக்கிவிடும். லேசான சேதம். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வழியில் பார்த்த சாதாரண மஞ்சள் நட்சத்திரத்திடம் காட்டிய ஜாக்கிரதையைக்கூட, நட்சத்திரத் திரளின் ஆகப் பெரிய அரக்கனிடம் காட்ட வேண்டியதில்லை. விண்வெளிப் பறத்தல் கேம்களில் ஆராய்ச்சிப் பயணம் ஏன் இவ்வளவு சீக்கிரம் சப்பென்று ஆகிவிடுகிறது என்ற கேள்விக்கு இந்தக் காட்சியிலேயே பாதி விடை இருக்கிறது என்பேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் வெளியிட்ட கேம் இது. பால்வீதியை உண்மையான அளவிலேயே, சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு, கணினிக்குள் கொண்டுவந்தார்கள். தெரிந்த நட்சத்திரங்களை வானியல் பட்டியல்களிலிருந்து எடுத்துவைத்து, தெரியாதவற்றை இயற்பியல் விதிகளின்படி கணக்குப்போட்டு நிரப்பினார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் ஆதங்கமும் அதிலிருந்துதான் வருகிறது. ஏனென்றால் இத்தனை பெரிய அண்டத்தில் ஆட்டக்காரர் செய்வது நான்கே காரியம். தாவ வேண்டும். வந்திறங்கிய மண்டலத்தை ஒரு பொத்தானை அழுத்தி ஸ்கேன் செய்ய வேண்டும். நட்சத்திரத்தின் ஓரமாக உரசிக்கொண்டே எரிபொருளை அள்ள வேண்டும். மறுபடி தாவ வேண்டும். திரளின் மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயிண்ட் 65,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. ஒரே தாவலில் 60 ஒளியாண்டு போகிற நல்ல கப்பலுக்குக்கூட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவல்கள் ஆகும். ஆயிரம் இடங்களுக்கும் ஆயிரம் நிறங்கள் உண்டு. கை செய்யும் வேலை மட்டும் மாறுவதே இல்லை.

ஆபத்து வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பரபரப்புக்கு அலைகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். என் வாதம் வேறு. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் முடிவுகளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அந்த வித்தியாசம் வெறும் படம். எலீட் டேஞ்சரஸில் ஒரு நட்சத்திரத்தைச் சொடுக்கினால் அதன் வயது, நிறை, மேற்பரப்பு வெப்பம், தன்னைத்தானே சுற்ற எடுக்கும் காலம் எல்லாம் வரிசையாக வரும். உழைத்துக் கணக்கிட்ட எண்கள். யாராவது அவற்றைப் படித்துவிட்டுத் தன் பாதையை மாற்றிக்கொண்டார்களா? மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நட்சத்திரத்தின் வயது 10 கோடி ஆண்டானாலும் 1,000 கோடி ஆண்டானாலும் கப்பலுக்கு ஒன்றுதான். அந்த எண்ணைப் படிக்காதவருக்கு நஷ்டம் உண்டு, படித்தவருக்கு லாபம் உண்டு என்று ஆகிவிட்டால் போதும். அதே எண்கள் அறிவாக மாறிவிடும். ஆராய்ச்சியில் ஆபத்துக்கு வேலை இதுதான்.

இதை ஒத்துக்கொண்டால், எந்த மாதிரி ஆபத்து வேண்டாம் என்பதும் தெளிவாகும். நடுவழியில் காரணமில்லாமல் இன்ஜின் பழுதாவது, ஆளில்லாத கோடியில் எங்கிருந்தோ கொள்ளைக்காரர்கள் குதிப்பது, தாயம் உருட்டி நூற்றில் ஒரு முறை கப்பலை வெடிக்கவைப்பது போன்ற யோசனைகள் அடிக்கடி வருகின்றன. இவற்றில் எதுவும் அந்த இடத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எங்கே இருந்தாலும் நடக்கும், யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும், முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. அப்படியொரு விபத்தில் கப்பலை இழந்தவர் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார், எரிச்சல்தான் மிஞ்சும். இன்னொரு வகை, எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும் அளவுகோல். 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை இதில் மாட்டிக்கொண்டது. 18-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போடுமளவு கோள்கள் அதில் உண்டு. கொதிக்கும் கோள், உறையும் கோள், நச்சுக்காற்று, கதிர்வீச்சு என்று நான்கு வகைக் கொடுமைகளையும் கொடுத்தார்கள். ஆனால் நான்கிலும் நடப்பது ஒன்றே: திரையில் ஒரு பட்டை குறையும், சோடியத்தைப் பறித்துப்போட்டு நிரப்ப வேண்டும். கொதிப்பதற்கும் உறைவதற்கும் ஒரே மருந்து என்றால், கோளின் தன்மையைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? ஆபத்தைக் கூட்டுவதாக நினைத்து அவர்கள் வீட்டுவேலையைக் கூட்டியிருக்கிறார்கள்.

நல்ல ஆபத்துக்கு உதாரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம், எலீட் டேஞ்சரஸிலேயே ஒன்று இருக்கிறது. நியூட்ரான் நட்சத்திரத்தின் இரு துருவங்களிலிருந்தும் நீண்டு சுழலும் கதிர்த்தாரை. 2016 அக்டோபரில் வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு, அந்தத் தாரையின் வால் பகுதிக்குள் கப்பலை நுழைத்து அதன் சக்தியைத் தாவல் இன்ஜினுக்கு ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த ஒரு தாவல் மட்டும் நான்கு மடங்கு தூரம் போகும். அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீலவெள்ளைக் கூம்பு திரையைக் குறுக்காகத் துடைத்துக்கொண்டு போகும். நட்சத்திரத்துக்கு முகம் காட்டாமல், கூம்பின் நுனிப்பக்கமாக, வேகத்தைக் குறைத்து நுழைய வேண்டும். உள்ளே போனதும் கப்பல் தலைகால் புரியாமல் உதறும், ஸ்டிக் சொன்னபடி கேட்காது, இன்ஜின் நிரம்பிய சேதி வருகிறதா என்று ஒரு கண், வெளியே போகும் திசை எங்கே என்று இன்னொரு கண். சேதி வந்ததும் அவசரப்படாமல் விளிம்புப் பக்கம் நழுவ வேண்டும். பதறி நட்சத்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டால் அதிவேகத்திலிருந்து கூம்புக்கு உள்ளேயே விழுந்துவிடுவோம். இன்ஜின் ஆறும்வரை கப்பல் சுழன்றுகொண்டே அடி வாங்கும். சரியாகச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் இன்ஜினில் கொஞ்சம் தேய்மானம் உண்டு. எனவே எத்தனை முறை ஏற்றிக்கொள்வது, எங்கே நிறுத்திப் பழுதுபார்ப்பது என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

இதில் என்னென்ன கூடிவந்திருக்கின்றன பாருங்கள். ஆபத்து தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. அது அந்த நட்சத்திரத்தின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. அதற்குள் போவதும் போகாததும் நம் விருப்பம். போனால் கைமேல் பலன். தவறினால் உடனே சாவு இல்லை, தப்பிக்கச் சில நொடிகள் உண்டு. இதனால் விளைந்தது என்னவென்றால், ஆட்டக்காரர்கள் நியூட்ரான் நட்சத்திரங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார்கள், அவற்றைக் கோத்து நெடுஞ்சாலைபோல வழித்திட்டங்கள் வகுத்தார்கள், வழித்திட்டம் போட்டுத்தரும் இணையக் கருவிகளையே உருவாக்கினார்கள். ஒரே ஒரு நட்சத்திர வகைக்கு ஒரு குணம் கொடுத்ததற்கே இவ்வளவு. வெள்ளைக் குள்ள நட்சத்திரத்துக்கும் இதேபோல் தாரை உண்டு. ஒன்றரை மடங்குதான் பலன், உள்ளே விழுந்துவிடும் அபாயமோ அதிகம். அதனால் அனுபவசாலிகள் அதை விட்டு விலகிப் போகிறார்கள். விலகிப் போகலாம் என்று தீர்மானிப்பதற்கே அறிவு தேவைப்படுகிறது. கருந்துளை அந்த அளவு மரியாதையைக்கூட நம்மிடம் கேட்பதில்லை.

மோபியஸ் டிஜிட்டல் 2019-இல் வெளியிட்ட அவுட்டர் வைல்ட்ஸ் இந்த வழியில் எல்லாரையும்விடத் தூரம் போயிருக்கிறது. (விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப்போவது நல்லது, முன்கூட்டித் தெரிந்துகொண்டால் சுவை போய்விடும்.) மொத்தமே ஒரு கைப்பிடிக் கோள்கள். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்துவிடும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கோள் உள்ளே இருக்கும் கருந்துளைக்குள் துண்டு துண்டாக இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றில் சூறாவளிகள் தீவுகளையே வானுக்குத் தூக்கி எறிகின்றன. முட்புதர்போன்ற டார்க் பிராம்பிளின் மூடுபனிக்குள் பெருவாய் மீன்கள் காத்திருக்கின்றன. முதல்முறை போகிறவர் இன்ஜினை இயக்கிக்கொண்டே போவார், ஒரே கவ்வு. அந்த மீன்களுக்குக் கண் தெரியாது, சத்தம்தான் வழிகாட்டி என்ற குறிப்பு வேறொரு கோளின் குகைக்குள், பழங்குடிப் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றைப் பற்றிய எழுத்தில் கிடைக்கிறது. அதைப் படித்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீன்களின் பல்லுக்கு அருகே மிதந்தே போவார். கப்பல் மேம்படவில்லை, ஆயுதம் கிடைக்கவில்லை. தெரிந்துகொண்டது ஒன்றே அவரைக் காப்பாற்றியது. ஆபத்தும் அறிவும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னியிருக்கும் விண்வெளி கேம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான விண்வெளி ஆராய்ச்சியும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1973 டிசம்பரில் பயனியர் 10 வியாழனை நெருங்கிக் கடந்தபோது, அந்தக் கோளைச் சுற்றியிருந்த கதிர்வீச்சு எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது. கருவிகள் தடுமாறின, யாரும் அனுப்பாத ஆணைகள் கலத்துக்குள் தாமாகவே முளைத்தன, அயோ என்ற நிலவின் அண்மைப் படங்கள் கைவிட்டுப் போயின. ஆனால் அந்தக் கதிர்வீச்சின் அளவுதான் அந்தப் பயணத்தின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்களின் மின்னணுப் பாகங்களுக்குக் கூடுதல் கவசம் கொடுத்தது அதை வைத்துத்தான். கேமில் வியாழனைப் போன்ற கோள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் எதைக் கடந்தாலும் ஒரு கருவிகூடத் திணறுவதில்லை. நமக்கு முன்னால் போனவர் பட்ட பாட்டிலிருந்து நாம் கற்றுக்கொண்டு போகிறோம் என்ற உணர்வுதான் ஆராய்ச்சியின் முதுகெலும்பு. முன்னால் போனவருக்கு எந்தப் பாடும் இல்லையென்றால், அவர் நமக்கு விட்டுச்செல்வது மண்டலத்தின் பக்கத்தில் தன் பெயரை மட்டுமே.

என்னைக் கேட்டால் முதலில் சிவப்புக் குள்ள நட்சத்திரங்களிலிருந்து தொடங்குவேன். பால்வீதியின் நட்சத்திரங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அவைதாம். எலீட் டேஞ்சரஸில் அவை சாதுவான பெட்ரோல் பங்க்குகள்: எங்கும் கிடைக்கும், அள்ளிக்கொள்ளலாம், போகலாம். நிஜத்தில் அவை முன்கோபிகள். நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி 2017 மார்ச்சில் சீறியதைச் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி பதிவுசெய்தது. மில்லிமீட்டர் அலைகளில் அதன் பிரகாசம் சில நொடிகளுக்குள் ஆயிரம் மடங்கு ஏறியது. பொதுவாக, வயது குறைந்த, வேகமாகச் சுழலும் சிவப்புக் குள்ளர்கள் அதிகம் சீறுவார்கள், முதிர்ந்து மெதுவானவர்கள் அடங்கியிருப்பார்கள். வயதும் சுழற்சிக் காலமும் ஏற்கெனவே திரையில் இருக்கின்றன! ஒரு புதிய எண்கூடக் கணக்கிட வேண்டாம். இளம் சிவப்புக் குள்ளனிடம் எரிபொருள் அள்ளுவது விரைவு, ஆனால் சீற்றத்தில் சிக்கினால் கப்பல் கொதிக்கும், ஸ்கேனர் சற்று நேரம் குருடாகும் என்று வைத்தால், தாவுவதற்கு முன் வரைபடத்தைப் படிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். வாயுக்கோள்களின் கதிர்வீச்சு வளையம், துணை நட்சத்திரத்தை உறிஞ்சும் கருந்துளையைச் சுற்றிய வெப்பத்தட்டு என்று இதே வழியில் இன்னும் எவ்வளவோ சேர்க்கலாம். இந்தக் குடும்பத்துக்கு இது புதிதும் அல்ல. டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய முதல் எலீட்டிலேயே, சூரியனை உரசி எரிபொருள் அள்ளும்போது ஏறிக்கொண்டே போகும் கேபின் வெப்பமானி இருந்தது.

இனி எதிர்வாதங்கள். எல்லாவற்றிலும் வலுவானது இது: நாள் முழுக்க வேலைபார்த்துக் களைத்தவர்கள் அமைதிக்காகத்தான் இந்த ஆராய்ச்சிப் பயணத்துக்கு வருகிறார்கள், சண்டை வேண்டுமென்றால் சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது, அவர்களுடைய நிம்மதியைக் கெடுக்க நாம் யார்? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உடல்நலம் குன்றியவர்கள், தனிமையில் இருப்பவர்கள் பலருக்கு இந்த மௌனமான வெளி உண்மையிலேயே ஆறுதல். தனியாக ஆடும் கேம் என்றால் தீர்வு எளிது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2015-இல் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது கலம் எரியும் வெப்பத்தைக் கொண்டுவந்தது. அது வேண்டாதவர்கள் அமைப்புகளில் போய் வெப்பத்தின் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே அண்டத்தைப் பகிரும் கேமில் அது முடியாது. அங்கே ஆபத்தைப் புவியியலாக்க வேண்டும். முதிர்ந்த மஞ்சள் நட்சத்திரங்களின் வழியே போகிறவருக்கு இன்று இருக்கும் அதே அமைதி நாளையும் இருக்கட்டும். முரட்டு நட்சத்திரம் எது என்பது தாவுவதற்கு முன்பே வரைபடத்தில் தெரியட்டும். அப்போது அமைதி என்பது அவர் தேர்ந்தெடுத்த பாதையாக இருக்கும், எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றாக இருக்காது.

விண்வெளி நிஜத்தில் வெறுமைதானே, வெறுமையாக இருப்பதுதானே நேர்மை என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு இடையே வெறுமை, சரி. ஆனால் இந்த கேம்கள் அந்த இடைவெளியைத் தாவிக் கடந்து நம்மைப் பொருள்களின் அருகில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. பொருள்களின் அருகே வெறுமை கிடையாது. 1972 ஆகஸ்டில் சூரியன் பெரும் சீற்றம் ஒன்றைக் கக்கியது; ஏப்ரலில் நிலவுக்குப் போன அப்பல்லோ 16-க்கும் டிசம்பரில் போன அப்பல்லோ 17-க்கும் நடுவில் அது வந்ததால் ஆபத்து விலகியது. சூரியன் சாதுவான நட்சத்திரம் என்று பெயர் எடுத்தது என்பதையும் நினைவில் வைக்கவும்.

எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும் ஒரு வாரத்தில் எல்லாம் விக்கியில் ஏறிவிடும், பிறகு ஆபத்தும் சடங்காகிவிடும் என்பதும் நியாயமான கவலை. அவுட்டர் வைல்ட்ஸை ஒருமுறைதான் ஆட முடியும் என்பது உண்மை. ஆனால் விதியை விக்கியில் எழுதலாம். 40,000 கோடி இடங்களின் நிலைமையை எழுத முடியாது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் 2009 மார்ச்சில் புழுத்துளைகளைத் திறந்தது. பெரும்பாலான புழுத்துளைகளுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். குறிப்பிட்ட நிறைக்கு மேல் கப்பல்கள் கடந்தால் அதற்கு முன்பே மூடிவிடும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் தெரியாது. தேடுகருவியை இழந்தவர் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்வார். இத்தனை விதிகளும் அன்றிலிருந்து எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் நேற்றைய வரைபடம் இன்றைக்கு உதவாது என்பதால், பார்த்து வருகிறவருக்கு அங்கே மதிப்பு குறைந்ததே இல்லை.

கடைசியாக நஷ்டத்தின் அளவு. எலீட் டேஞ்சரஸில் சேர்த்த ஸ்கேன் விவரங்களை விற்பதற்கு முன் கப்பல் உடைந்தால் மொத்தமும் போய்விடும். முதலில் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் போய்விடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில். இந்த நிலையில் ஆபத்தைக் கூட்டச் சொல்வது கொடுமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கோளாறு தண்டனை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பூஜ்யம் அல்லது நூறு என்று இருப்பதால்தான் வடிவமைப்பாளர்கள் ஆபத்தைத் தொடவே பயப்படுகிறார்கள். நடுவில் படிகள் வேண்டும்: ஸ்கேனர் குருடாவது, தாவும் தூரம் பாதியாவது, குளிர்விப்பு கெடுவது, பழுதுபார்க்கக் கனிமம் தேடிக் கோளில் இறங்க வேண்டியிருப்பது. எரிபொருளைச் செலவழித்து விவரங்களின் ஒரு பகுதியை முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவைக்கும் வசதியும் இருக்கலாம். ஊனப்பட்ட கப்பலோடு வீடு திரும்புவது, வெடித்துச் சிதறுவதைவிட எவ்வளவோ மேலான கதை.

அதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. இந்த கேமின் எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே ஆபத்து எரிபொருள் தீர்ந்துபோவது. அது மெதுவாக வருகிறது, வந்த பிறகும் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்துக்குள்தான் 2015-இல் ஃப்யூவல் ராட்ஸ் என்ற தன்னார்வக் குழு பிறந்தது. யாராவது உதவி கேட்டு வந்தால் அவர்கள் முதலில் விசாரிப்பது, ஆக்சிஜன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதா என்பதுதான். ஓடுகிறது என்றால் உடனே கேமின் முதன்மை மெனுவுக்கு வெளியேறச் சொல்வார்கள், கடிகாரம் அப்படியே நிற்கும். பிறகு மண்டலத்தின் பெயரைக் கேட்டு, மீட்புக் கப்பல் அங்கே போய் நின்றதும் திரும்ப உள்ளே வரச் சொல்லி, குட்டி டிரோன்கள் மூலம் எரிபொருள் ஊட்டுவார்கள். காசு வாங்குவதில்லை. இப்படி 1,00,000-க்கும் அதிகமானவர்களை மீட்டிருக்கிறார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தவர்களைப் பழுதுபார்க்க ஹல் சீல்ஸ் என்று இன்னொரு குழுவும் கிளம்பிவிட்டது. மெதுவான ஓர் ஆபத்து இவ்வளவு பேரை ஒருவருக்காக ஒருவர் பறக்க வைத்திருக்கிறது. இளம் சிவப்புக் குள்ளனின் சீற்றத்தையும் வியாழன்களின் கதிர்வீச்சையும் கேமில் சேர்க்கப்போகிறவர்கள், கப்பல் முடங்குவதற்கும் உடைவதற்கும் நடுவே இதே அளவு நேரத்தை விட்டுவைத்தால் போதும். மிச்சத்தை ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.